தெங்கிலிருந்து இறங்காத ஆள்

முதலில் ஒரு அலறல்.

“எய்யோ…” என்று ஒரு மனுஷர் தெங்கிலிருந்து கீழே வருகிறார். தொப். மணலில் மல்லாந்து கிடக்கிறார். கால் இரண்டும் வானத்தைப் பார்த்து, தலையைச் சுற்றி மூன்று நட்சத்திரம். நாலாம் கிளாஸின் பிள்ளைகள் எல்லாம் ஒரே தொண்டையாகச் சிரிக்கிறார்கள். ஓட்டுக்கூரை மேலிருந்த காக்கைகள் பறந்துபோய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உட்கார்ந்து யோசிக்கின்றன.

“இன்னும் ஒருக்கா, சாரே. இன்னும் ஒருக்கா விழட்டு.”

விழுந்தவர் என் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. பதினாலு இஞ்ச் திரைக்குள் குடியிருந்தவர். சிவப்பு நிக்கர், மஞ்சள் பனியன். வேறு நிறம் கொடுக்க அந்தக் கம்ப்யூட்டரிடம் சரக்கு இல்லை. வோல்டேஜ் குறையும்போதெல்லாம் அவரும் தெங்கும் சேர்ந்து இடுப்பை ஒடுக்கிக்கொள்வார்கள், யாரோ இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்த மாதிரி.

அலறல் மட்டும் என்னுடையது.

கூட்டாளி செல்வின் வீட்டுக் குளிமுறியில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க அலறினேன். எதிரொலிக்காக அந்த இடம். எட்டாவது அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட ரப்பர் ஷீட்டைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்துவிட்டார். “என்னடே, ஆருக்கு என்ன பற்றிச்சு?” என்றார். “ஒண்ணுமில்ல அண்ணே, படிப்பு விஷயம்” என்றான் செல்வின். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். இன்றைக்கும் பாறசாலைச் சந்தையில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கும் முன் ஒரு கணம் தயங்குவார்.

கவிஞனுக்குக் கிடைத்த வேலை

தொண்ணூறுகளின் நடுவில் எங்கோ இது. வருஷம் கேட்காதீர்கள். மழை மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஜூன் மழை, ஜூலை மழை, இரண்டுக்கும் நடுவில் வெயில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன வெட்கம்.

பாறசாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் டுட்டோரியல். அங்கே நான் தமிழ் எடுத்தேன். பக்கத்து அறையில் செல்வின் கம்ப்யூட்டர் எடுத்தான். இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. நான் இங்கே உவமை என்றால் அங்கே அவன் பிள்ளைகள் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவன் அங்கே கட்டளை என்றால் என் பிள்ளைகள் இங்கே குறித்துக்கொள்வார்கள். அப்படித்தான் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம்.

ஒருநாள் தடுப்புக்கு மேலே அவன் தலை தெரிந்தது.

“மக்கா, உனக்குக் கணக்கு எழுத வருமா?”

“எனக்குக் கணக்கே வராது.”

“கணக்கை நான் பாத்துக்கிடுவேன். வார்த்தைதான் வேணும். நம்ம பிள்ளையளுக்குத் தமிழில கணக்கு வெளையாட்டு ஒண்ணு செய்யப் போறேன்.”

எல்லையோரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ், கடையில் மலையாளம், சண்டையில் இரண்டும். பிளாப்பியில் வந்த விளையாட்டுகளோ பனிமனிதனுக்குத் தொப்பி போடச் சொல்லின. பனியை எங்கே போய்ப் பார்ப்பது? வெள்ளறடைப் பக்கம் காலையில் மலையிலிருந்து இறங்கும் மூடுமஞ்சு ஒன்றுதான் எங்கள் பனி. அதற்குத் தொப்பி நிற்காது.

ஆகவே தெங்கு. சரியான விடைக்கு ஆள் ஒரு படி ஏறுவார். பத்துக்குப் பத்து என்றால் உச்சி. திரையில் ‘வெற்றி’ என்று மின்னும். தவறினால் விழுவார். விழுந்துவிடக்கூடாதே என்று பிள்ளைகள் கவனமாகக் கணக்குப் போடுவார்கள். இதை இரண்டு வளர்ந்த ஆண்கள் உட்கார்ந்து, சாயா குடித்து, முழு மனதோடு நம்பினோம். விளையாடப் போகிற ஒரு பிள்ளையிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. செல்வினுக்கு ஷார்ஜாவிலிருந்து விசா வந்துவிட்டது. அவன் அத்தான் அனுப்பியது. அந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விமானம். செல்வினுக்குப் போக மனசில்லை. அவன் அம்மைக்கு அவனை அனுப்பாமல் இருக்க மனசில்லை. நடுவில் ஒரு வழி: எல்லையோரத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் தாளாளர், விளையாட்டைப் பார்த்துப் பிடித்திருந்தால் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதாகவும், செல்வினையே ஆசிரியராக வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

அம்மை இதைக் கேட்டுவிட்டு, “அவரு வேலை தந்தா நில்லு. இல்லேன்னா பெட்டியத் தூக்கு” என்றாள். பெட்டியை ஏற்கெனவே துடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

சிரிப்பு கேட்டது

கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் போனது. மானிட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழிக்கும் செல்வின், “பைய, அண்ணே, பைய” என்று டிரைவரைக் கெஞ்சினான். டிரைவர் ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பி, “உள்ள என்ன, கொச்சா?” என்று கேட்டார். பிறந்த குழந்தை என்று நினைத்திருக்கிறார்.

நாலாம் கிளாஸ் ஆசிரியை கமலம் சார். எங்கள் பக்கத்தில் பெண் ஆசிரியரும் சார்தான், அதில் ஒரு குழப்பமும் கிடையாது. கமலம் சார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். நான் எழுதிய முதல் கணக்கு திரையில் வந்தது. அதை இங்கே முழுசாகத் தர வெட்கமாக இருக்கிறது. தொடக்கம் மட்டும்: “நீலவானின் நெற்றியைத் தொட்டு நிற்கும் நெடுந்தென்னையின் நிழலில், மூன்று குலைகள் மௌனமாக முற்றிக்கொண்டிருக்க…” இப்படி ஆறு வரி.

வகுப்பு அமைதியாக இருந்தது. என் தமிழில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

முன்னால் நின்ற ஷிபு, முன்பல் இரண்டு போனவன், திரைக்கு மூக்கு முட்ட நின்று படித்துவிட்டுத் திரும்பினான்.

“சாரே, இதில கணக்கு எங்க உண்டு?”

அவன்தான் முதலில் விளையாடினான். இரண்டு சரி. மூன்றாவதில் கை தவறி எட்டுக்குப் பதில் ஒன்பதைத் தட்டிவிட்டான். எய்யோ. தொப்.

பிறகு அந்தச் சிரிப்பு, இந்தக் கதையின் வாசலில் நீங்கள் கேட்டது.

அதற்கப்புறம் ஒருவனும் சரியாகச் சொல்லத் தயாரில்லை. இல்லை, தப்பாகச் சொல்கிறேன். அதைவிட மோசம். மூன்றாவது பிள்ளையிலேயே ஒரு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: உயரத்திலிருந்து விழுந்தால் அலறல் நீளம். “எலே, ஒம்பது வரைக்கும் ஏத்து. பத்தாவதில விடு. நல்ல நீட்டத்தில விழுவாரு.” விரலை மடக்கி, உதட்டைக் கடித்து, ஒன்பது கணக்கை அச்சுப் பிசகாமல் போடுவார்கள். பத்தாவதுக்கு நிச்சயமாகத் தப்பான ஒரு எண் வேண்டும். அதற்காகச் சரியான விடையை முதலில் கண்டுபிடித்து, கூடிப் பேசி, அதைத் தவிர்ப்பார்கள்.

செல்வின் முதலில் துள்ளினான். பிறகு, யார் எத்தனை சரி என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்த பட்டியலைப் பார்த்தான். முப்பது பிள்ளைகளும் தோல்வி.

வாசலில் தாளாளர் நின்றார். ஒல்லியான மனுஷர், மடித்த குடையை மார்போடு பிடித்திருப்பார்.

“செல்வின், அங்க ஓஃபீஸ் முறி வரைக்கும் சிரிப்பு கேட்டுது. படிப்பு கேக்கல்லியே.”

அவ்வளவுதான் சொன்னார். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். வெள்ளி. ஞாயிறு விமானம்.

ஓஃப் ஆக்காண்டாம்

முப்பது என்றேன், கவனித்தீர்களா? வகுப்பில் முப்பத்தொரு பேர்.

கடைசியாக விளையாடியவள் சுஜா. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, ஒரு பக்கம் ரிப்பன் இல்லை. அவள் ஒவ்வொரு கணக்குக்கும் மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தாள். போட்டதை அழித்து மறுபடி போட்டாள். “இவ எப்பவும் இப்பிடித்தான். கொஞ்சம் மெதுவு” என்றார் கமலம் சார் எங்கள் காதில். பின்னால் பிள்ளைகள், “விடுபிள்ளே, விழட்டு” என்று கத்தினார்கள். அவள் கழுத்தில் வேர்வை.

பத்துக்குப் பத்து. ஆள் உச்சிக்குப் போனார். வெற்றி, வெற்றி, வெற்றி என்று மின்னியது. அதை யாரும் பார்க்கவில்லை. பெல் அடித்துவிட்டது, முப்பது பேரும் மழையில் ஓடிவிட்டார்கள்.

செல்வின் பிளக்கில் கை வைத்தான்.

“சாரே, ஓஃப் ஆக்காண்டாம்.”

“ஏன் மக்கா?”

“அவரு எறங்கல்ல.”

எங்களுக்குப் புரியவில்லை. அவள் திரையைக் காட்டினாள். சிவப்பு நிக்கர், மஞ்சள் பனியன், மட்டைக்குள் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்த சந்தோஷத்துக்காக நாங்கள் போட்ட அசைவு. இப்போது பார்த்தால், காப்பாற்றுங்கள் என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

செல்வின் விசைப்பலகை மேல் குனிந்து அந்தப் பித்தானைத் தட்டினான், இந்தப் பித்தானைத் தட்டினான். நெற்றியைத் தடவினான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“எறங்க வழி வைக்கல்ல.”

ஏற ஒரு வழி எழுதியிருந்தோம். விழ ஒரு வழி. இரண்டுதான்.

“விழ வைச்சா கீழ வருவாரு” என்றேன் நான், உதவியாக. சுஜா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

“ராத்திரி பூரா அவரு அங்கயா நிப்பாரு?” என்றாள்.

அப்போதுதான் கமலம் சார் சொன்னார்: “அவளுக்க அப்பா தெங்கு ஏறுதவரு ஆக்கும்.”

இந்த இடத்தில் எனக்கு என் நாலாம் கிளாஸ் ஞாபகம் வந்தது, உங்களையும் அங்கே இழுத்துக்கொண்டு போகிறேன், கோபிக்க வேண்டாம். பள்ளி மதிலுக்குப் பின்னால் ஒரு கொல்லாமரம், அதாவது முந்திரி. பழத்துக்கு ஆசைப்பட்டு உச்சிக்கிளைவரை போய்விட்டேன். அங்கிருந்து கீழே பார்த்தேன். கீழே என்பதே இல்லை. ஏறும்போது, “அந்தக் கொம்பைப் பிடி, இந்தக் கவட்டில் மிதி” என்று வழி சொன்ன அத்தனை பேரும் இறங்கும்போது வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. கொல்லாம்பழச் சாறு சட்டையெல்லாம் கறையாக, ஒரு மணி நேரம் மரத்தோடு மரமாக இருந்தேன். பிறகு மின்கம்பத்து ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். என் முதல் கவிதை அங்கே பிறந்தது என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பொய். அங்கே பிறந்தது அழுகை மட்டும்.

செல்வின் முட்டி போட்டுச் சுஜாவுக்குச் சமமாக உட்கார்ந்தான்.

“பிள்ளே, நான் அவரை எறக்கித் தாறேன். நான் ஏத்தி விட்டது, நான்தானே எறக்கணும்.”

“எப்போ?”

“வேகம்.”

ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். பிளக்கைப் பிடுங்கினோம். திரை சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்தது. அந்தப் புள்ளி அணையும்வரை அவள் நின்றாள். ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்தபோது அது முன்னைவிடக் கனமாக இருந்ததாக என் ஞாபகம். உள்ளே ஒரு ஆள் இருந்தார் அல்லவா.

மழையில் ஓடிய கம்ப்யூட்டர்

மறுநாளிலிருந்து செல்வின் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். “ஒரு ஆளு தெங்கில நிக்காரு.” அம்மை துணி மடித்துப் பெட்டியில் வைக்கக் கூப்பிட்டால், “இரு அம்மை, ஒரு ஆளு தெங்கில நிக்காரு.” அத்தான் போன் போட்டால், “அத்தான், ஒரு ஆளு…” அம்மை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

ஆனால் இந்தத் தரம் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு வரி எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆட்டோ பிடித்து, மானிட்டரோடு போய் இறங்கினோம். கரண்ட் இல்லை. எங்கோ ஒரு மரம் கம்பி மேல் விழுந்திருந்தது. நாலு நாள் ஆகும் என்றார்கள். எங்களுக்கு நாட்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டிருந்தன.

ஷிபுதான் கேட்டான்: “சாரே, நாங்க கம்ப்யூட்டர் செய்யட்டா?”

சோப்புப் பெட்டி அட்டை ஒன்று கிழிக்கப்பட்டது. நடுவில் சதுரமாக ஓட்டை. அதுதான் திரை. தெங்கு கரிக்கட்டையால். ஆளைக் காலண்டர் அட்டையில் வெட்டினார்கள். தேங்காய்க்குப் புளியங்கொட்டை. இனி, உள்ளே இருந்து இயக்க ஒருவர் வேண்டும்.

“சுஜா கம்ப்யூட்டர். அவதான் மெதுவா உள்ள ஆளு, நமக்க கரண்ட் மாதிரி” என்றான் ஷிபு.

சிரித்தபடி அவள் அட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஓட்டையில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. என் ஆறு வரிக் கணக்கைக் கையில் வாங்கினாள், பார்த்தாள், மடித்துப் பாவாடைக்குக் கீழே வைத்துவிட்டுத் தானே சொன்னாள்: “மூணு தெங்கு. ஒரு தெங்கில எட்டு தேங்கா. அதில மொத்தம் நாலு கேடு. நல்லது எத்தனை?”

நீலவானம், நெற்றி, மௌனம் எல்லாம் போயிற்று. ஒருவரும் அவற்றைத் தேடவில்லை.

“பதினஞ்சு” என்றான் ஷிபு.

எய்யோ என்று கத்தப் பின்னால் பத்துப் பேர் வாயைத் திறந்தார்கள். கம்ப்யூட்டர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தியது.

“எப்பிடிக் கிட்டிச்சு?”

“என்னது?”

“பதினஞ்சு எப்பிடிக் கிட்டிச்சு? காட்டு.”

ஓட்டை வழியாக ஒரு கை வந்து புளியங்கொட்டையைக் குவித்தது. ஷிபு தலையைச் சொறிந்தான். “எல்லாத்தையும் கூட்டினேன். மூணும் எட்டும் நாலும்.”

“கேடையும் கூட்டினியா? கெட்ட தேங்காயை நீ திங்கியா?”

“திங்கமாட்டேன்.”

“தெங்கையும் கூட்டினியா? தெங்கைத் திங்கியா?”

கிளாஸ் உருண்டது. ஷிபுவும் உருண்டான். உருண்டு எழுந்து, கொட்டையை எட்டெட்டாக மூன்று குவியல் வைத்தான், நாலை எடுத்துத் தூரப் போட்டான், எண்ணினான். “இருவது.” அவனுக்கே ஆச்சரியம். அடுத்த பிள்ளை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது, கேள்வி கேட்கப்படுவதற்காக.

நானும் செல்வினும் பெஞ்சில் உட்கார்ந்து நனைந்த காலோடு பார்த்தோம். விடை தப்பினால் என்ன நடக்க வேண்டும் என்று நாங்கள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்தோம்: விழலாமா, முழங்கலாமா, சிவப்பாகலாமா. எப்படிக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை. செல்வின் அவள் கேட்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதினான். மூன்றாம் நாள் கமலம் சாரும் எழுதினார்.

பிறகு கமலம் சார் ஒரு கேள்வி கேட்டார். “செல்வின், பின்னே கம்ப்யூட்டர் எதுக்காக்கும்? சுஜா போதுமே.”

பதில் ஷிபுவிடமிருந்து வந்தது. “சுஜா ஒருத்திதானே உண்டு சார். நாங்க முப்பது பேரு. எங்களுக்க டேர்ன் வாறதுக்குள்ள சோறு பெல் அடிச்சிரும்.”

கூழனா வருக்கையா

எல்லாம் சரி. ஆனால் விழுவது போய்விட்டதே என்று வகுப்பில் துக்கம். சுஜாவின் அப்பா விஷயம் தெரிந்த பிறகு ஆளை விழவைக்க யாரும் கேட்கவில்லை. ஆனால் ஏதாவது விழ வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பில்லை.

“சக்கை விழட்டு சாரே. சரியாச் சொன்னா ஒரு சக்கை.”

பலாப்பழம். தெங்குக்குப் பக்கத்தில் ஒரு பிலாவு வந்தது. தப்புக்கு இருந்த சந்தோஷம் அப்படியே சரிக்கு இடம் மாறியது. செல்வின் வரைந்து கொண்டுபோனான். பழம் விழுந்து இரண்டாகப் பிளந்து, சுளை சுளையாக அழகாக நின்றது.

கொதித்துவிட்டார்கள். “இது வருக்கை. வருக்கை விழுந்தா இப்பிடி நிக்கும். கூழன்தான் சிதறும். கூழன் போடுங்க.” கூழன் என்றால் சுளை குழைந்து ஒழுகும் ஜாதி. சிதறினால் எத்தனை தூரம் போகும், ஈ எத்தனை வரும் என்று ஒரு பெஞ்ச் முழுக்க வாதம். ஏழு ஈ என்று முடிவானது.

சத்தத்துக்கு நிஜப் பழம் வேண்டும். செல்வின் வீட்டுப் பிலாவில் கடைசியாக மூன்று கூழன் மிச்சம். முதல் பழத்தை மதில் மேலிருந்து போட்டபோது டேப்ரெக்கார்டரில் பதிவுப் பித்தானை அழுத்த மறந்தேன். இரண்டாவதில் சத்தம் அருமையாக விழுந்தது, கூடவே, “எரப்பாளி, அதையும் போட்டியா?” என்று அம்மையின் குரலும். மூன்றாவது என் கையிலிருந்து நழுவி டேப்ரெக்கார்டர் மேலேயே விழுந்தது. அந்தச் சத்தம்தான் கடைசியில் எடுத்தது. அதற்கு நிகராக இதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை.

இனி இறங்குவது. சுஜா அதற்குக் கணக்கு வைத்திருந்தாள். ஏறின வேகத்தில் இறங்கக்கூடாது. ஒவ்வொரு படியாக. இறங்கினதும் காலிலிருந்து கயிற்று வளையத்தைக் கழற்றித் தோளில் போட வேண்டும். அப்புறம் சாயா.

“சாயா எதுக்கு பிள்ளே?”

“அப்பா கீழ வந்தாத்தான் அம்மை சாயாவுக்கு வெள்ளம் வைப்பா.”

செல்வின் நாலு புள்ளியில் ஒரு கிளாஸ் வரைந்தான். மூன்று புள்ளியில் ஆவி.

தாளாளர் உட்கார்ந்தார்

வெள்ளிக்கிழமை. கரண்ட் இருந்தது. வோல்டேஜ் தெங்கை நேராக நிற்க விட்டது. தாளாளர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, “பிள்ளையளு ஆடுறதைப் பாத்தாச்சு. இன்னைக்கு நான்” என்று நாலாம் கிளாஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. செல்வினின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அவன் சட்டைப் பையில் டிக்கெட் மடிப்பு தெரிந்தது. அம்மை கோயிலுக்குக் கொண்டுபோகிற மாதிரி கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

மூணு தெங்கு. எட்டு தேங்கா. நாலு கேடு.

அவர் யோசிக்காமல் இருபத்தினாலு தட்டினார்.

ஒன்றும் விழவில்லை. ஒன்றும் கத்தவில்லை. திரையில் எழுத்து வந்தது: எப்பிடிக் கிட்டிச்சு? காட்டுங்க.

தாளாளர் திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கடைசியாக யார் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. மவுஸை எடுத்தார், அதாவது நிஜமாகவே எடுத்தார், திரைக்கு நேராகத் தூக்கித் தேங்காயின் மேல் வைத்தார்.

“சாரே, தூக்காண்டாம். மேசையில உரசணும்” என்றது ஒரு குரல். அதற்குள் அவரைச் சுற்றி முப்பத்தொரு தலை. “அந்தக் கறுப்பைப் பாருங்க சாரே, அது கேடு.” “எலே சொல்லிக் குடுக்காதே, சாரே கண்டுபிடிக்கட்டு.”

அவர் கெட்ட தேங்காயை ஒவ்வொன்றாக இழுத்துத் தூரப் போட்டார். இருபது என்று தட்டினார்.

பிலாவிலிருந்து கூழன் வந்தது. சிதறியது. ஏழு ஈ.

தாளாளர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “அடுத்தது வரட்டு” என்றார்.

இரண்டு, மூன்று, ஐந்து. கமலம் சார் பெல் அடிக்க நேரமாயிற்று என்று இருமினார். பிள்ளைகள், “எங்களுக்க டேர்ன்” என்று முனகினார்கள். அவர் காதில் விழவில்லை. எட்டாவது கணக்கைத் தப்பவிட்டு, புளியங்கொட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, மேசையில் பரப்பிப் போட்டுப் பார்த்தார். பத்தாவது முடிந்தது. ஆள் உச்சியில். வெற்றி.

“ம்” என்றார். எழுந்தார். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. “செரி. ஓஃப் ஆக்கு” என்று தானே பிளக்கின் பக்கம் கையை நீட்டினார்.

“நில்லுங்க சாரே.”

சுஜா சத்தமாகப் பேசி அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் கேட்டது.

“அவரு எறங்கல்ல.”

தாளாளரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். ஆள் முதல் படி இறங்கினார். பிறகு இரண்டாவது. செல்வின் அவருக்குக் கொடுத்திருந்த வேகம் மகா பொறுமையான வேகம். சுஜா சொல்லி மூன்று தடவை மெதுவாக்கியது. தாளாளர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வகுப்பு வாய்க்குள்ளேயே எண்ணியது. ஆறு. ஐந்து. மூன்றாவது படியில் வோல்டேஜ் ஒடுங்கி, தெங்கு இடுப்பை நெளித்தது. “அய்யோ, பிடிச்சுக்கிடுங்க” என்றார் தாளாளர், திரையைப் பார்த்து.

சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். காது சிவந்தது.

ஆள் தரையைத் தொட்டார். கயிற்று வளையத்தைக் கழற்றினார், தோளில் போட்டார், சாயா கிளாஸை எடுத்தார், ஆவி பறந்தது. திரையின் ஓரத்துக்கு நடந்து, வெளியே போனார்.

“இனி ஓஃப் ஆக்கலாம்” என்றாள் சுஜா.

தாளாளர் பிளக்கைத் தொடவில்லை. குடையை எடுத்தார். வாசல் வரை போனவர் நின்றார்.

“செல்வின், திங்கட்கிழமை ஒம்பதரைக்குக் கிளாஸெடுக்க வந்தாப் போதும். ஒம்பது நாற்பது ஆனா நான் கேப்பேன்.”

செல்வின் என் முழங்கையை அப்போதுதான் விட்டான். விரல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

வெள்ளறடை ரோட்டில் ஆட்டோ குலுங்க, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். “பைய, அண்ணே” என்று இந்தத் தரம் யாரும் சொல்லவில்லை. குழிக்குக் குழி சிரித்தோம். டிரைவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

அம்மை வாசலில் நின்றாள். பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து, பூட்டுப் போட்டுத் தயாராக நின்றது. அவள் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, விமானத்தைப் பற்றியும் கேட்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்த ஆளு எறங்கியாச்சா?”

“எறங்கியாச்சு அம்மை.”

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து சாயாவுக்கு வெள்ளம் கொதிக்கும் சத்தம் வந்தது.